'ப' மட்டும் தப்பித்தது

ஒரு மணி நேரம் லினோலியம் என்ற மென்தகட்டில் செதுக்கிய 'அப்பா', அச்சில் இடவலம் மாறி வந்தது.

துணைக்கால் முதலில். 'அ' கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு. 'ப' மட்டும் இடவலம் மாறினாலும் 'ப'தான்.

அப்பா கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன மொழிப்பா?" என்றார்.

டேவிட் ஷ்ரிக்லி ஞாபகம் வந்தார். 2013இல் டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்த பிரிட்டிஷ் கலைஞர். குழந்தை கிறுக்கினாற்போல ஓர் உருவம். பக்கத்தில் கோணல்மாணலாக, சிரிக்காத முகத்தோடு ஒரு அபத்த வாக்கியம். ஓவியத்தில் தப்பாக எழுதியதை அடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்.

இப்படி லினோலியத்தில் செதுக்கி அச்சிடும் லினோகட்டும் செய்திருக்கிறார். அதில் அந்த அசட்டு வாக்கியம் நேராக விழ, ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் செதுக்கியாக வேண்டும். ஒரு மொக்கை ஜோக்குக்கு இவ்வளவு மெனக்கெடலா! எனக்கு அதுதான் சிரிப்பு.

என்னுடையதை அப்பா ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டார்.

தலைகீழாக.