அள்ளிக்கொண்டு போகிறவன்: ஆய்வகக் குறிப்புகள்

ஜனவரி 6, 2025

காலையில் ஹீலா செல்களைப் பிரித்துப் புது ஃப்ளாஸ்குகளில் போட்டேன். 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த செல்கள். அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில், அவர் இறந்துபோனார். செல்கள் இன்றும் சென்னையில் எங்கள் இன்குபேட்டரில் 37 டிகிரியில் பெருகுகின்றன. "ஹீலா செல்கள் பயன்படுத்தப்பட்டன" என்று ஆய்வேட்டில் ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனம் வராது. நன்றியுரையில் முதல் பெயர் அவருடையதுதான்.

ஜனவரி 9

சித்தி போன் செய்தார். "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டியாடி?"

நான் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கு விடை என்றேன். டிஎன்ஏ பழுதானால் செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துவது பி53 என்ற புரதம். பழுது தீராவிட்டால் செல்லைச் சாகவும் வைக்கும். பல புற்றுகளில் அந்த பி53-இன் மரபணுவே கெட்டிருக்கும். கருப்பைவாய்ப் புற்றில் பெரும்பாலும் அப்படி இல்லை. மரபணு நன்றாக இருக்கிறது, புரதமும் உருவாகிறது. ஆனால் இந்தப் புற்றை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸின் இ6 புரதம் அதை உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. "பானையில அரிசி போடப் போட ஒருத்தன் அள்ளிட்டுப் போற மாதிரி, சித்தி."

"அப்போ அள்ளுறவனைப் பிடிச்சாப் போதுமே!"

என் ஆய்வின் கருதுகோள் அதுதான்.

ஜனவரி 14

பொங்கல். ஊருக்குப் போகவில்லை. இ6-ஐ அடக்கும் எஸ்ஐ ஆர்என்ஏ (குறிப்பிட்ட மரபணுவை ஊமையாக்கும் சிறு ஆர்என்ஏ) கொடுத்து இன்றோடு 48 மணி நேரம், செல்களை எடுத்தே ஆக வேண்டும். விடுதியில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

ஜனவரி 16

வெஸ்டர்ன் ப்ளாட் வந்தது, எந்தப் புரதம் எவ்வளவு என்று பட்டைகளாகக் காட்டும் சோதனை. இ6-ஐ அடக்கிய ஹீலாவில் பி53 பேண்ட் கறுப்பாக, தெளிவாக. ஒப்பிடுவதற்காகப் பார்க்கும் பீட்டா ஆக்டின் புரதம் எல்லா லேனிலும் சமம்.

இருந்தும் இன்று நான் அதிக நேரம் பார்த்தது பக்கத்திலிருந்த சிஹா லேன்களைத்தான். சிஹாவும் கருப்பைவாய்ப் புற்றுச் செல்தான். ஹீலாவில் இருப்பது ஹெச்பிவி 18, சிஹாவில் ஹெச்பிவி 16. என் எஸ்ஐ ஆர்என்ஏ 18-க்கென்றே வடிவமைத்தது. சிஹாவிலும் பி53 ஏறியிருந்தால், செல்லுக்குள் அந்நிய ஆர்என்ஏ நுழைந்த அதிர்ச்சியில் ஏறியது என்றுதான் பொருள். ஏறவில்லை. ஒன்றும் நடக்காத அந்த லேன்கள்தான் நடந்ததை நம்ப வைக்கின்றன. புதிதாக வரும் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 5

டாக்டோரல் கமிட்டி கூட்டம். பேச்சு இ7 பக்கம் போனது. அதே வைரஸின் இன்னொரு புரதம் அது, செல் பெருகுவதைத் தடுக்கும் ஆர்பி என்ற புரதத்தை முடக்குவது. ஒரு பேராசிரியர் கேட்டார்: "ஹீலாவில் இ6, இ7 இரண்டையும் அடக்கினால் பி53 திரும்பும், செல்கள் பெருகாமல் நிற்கும் என்று 2000-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் காட்டிவிட்டார்களே. உங்களுடையதில் எது புதிது?" இன்னொருவர்: "இ6, இ7 இரண்டும் உருவாவதற்கான குறிப்பு ஒரே எம்ஆர்என்ஏவில் இருக்கிறது. ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் போகும். இ7 போனால் ஆர்பி புரதமும் விடுபடும். பி53 செய்தது எது, ஆர்பி செய்தது எது?"

இரண்டும் சரியான கேள்விகள். முதல் கேள்விக்கு என் பதில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து. இந்த நோய்க்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் சேர்த்துக் கொடுப்பது 1999 முதல் வழக்கம். ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நோய் முற்றி வரும் பெண்களுக்கோ கட்டி சிறுநீர்க் குழாயை அழுத்திச் சிறுநீரகம் முன்பே தளர்ந்திருக்கும். அவர்களில் பலருக்கு அந்த மருந்தைக் கொடுக்கவே முடிவதில்லை. இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக வந்த நோய் இது. இ6 இல்லாத செல் குறைந்த சிஸ்பிளாட்டினுக்கே சாகுமா, செத்தால் யாரால் என்பதுதான் என் கேள்வி. பேசும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கைடு மேடம் தடுக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் பெஞ்சில்தான் கிடைக்கும்.

பிப்ரவரி 27

இ6-ஐ அடக்கிய செல்கள் குறைந்த அளவு சிஸ்பிளாட்டினிலேயே சாகின்றன. அதோடு பி53-ஐயும் சேர்த்து அடக்கிப் பார்த்தேன். எல்லாம் பி53-இன் வேலை என்றால் சாவு பழைய அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கியது, ஆனால் பாதி வழிதான். வேறு வரிசை கொண்ட இரண்டாவது எஸ்ஐ ஆர்என்ஏவிலும் அதே கதை. ஆர்பி பேண்டும் ஏறியிருக்கிறது.

மார்ச் 3

கைடு மேடத்திடம் வரைபடத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்த மீதிப் பாதிதாம்மா உன் மூணாவது சாப்டர்" என்றார்.

அடுத்து, இ7-ஐ மட்டும் தனிப் பிளாஸ்மிடில் (செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம்) திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் இ6 வரிசை கிடையாது, அதனால் என் எஸ்ஐ ஆர்என்ஏ அதைத் தொடாது. ஆர்பி மறுபடி முடங்கும், பி53 அப்படியே இருக்கும். அப்போது அந்த மீதிப் பாதி மறைந்தால் அது ஆர்பியின் பங்கு. மறையாவிட்டால் நாங்கள் இன்னும் யோசிக்காத ஒன்று உள்ளே இருக்கிறது. அந்தப் பிளாஸ்மிடைக் கட்டத் தேவையான பிரைமர்களை (சிறு டிஎன்ஏ துண்டுகள்) மாலையில் வடிவமைத்து ஆர்டர் போட்டுவிட்டேன்.