இடது கைக்குச் சான்றிதழ் கேட்டு ஏழு நடை

எங்கள் ஆறு வயது மகள் இடது கையால் எழுதலாம் என்று பள்ளியிடம் எழுத்து மூலமாக ஒப்புதல் வாங்க ஐந்து மாதங்களும் ஏழு நடையும் ஆயின. அதில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல். இதே நிலையில் இருக்கும் பெற்றோர் அந்தப் பாதியையாவது தவிர்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பள்ளியில் எல்லாமே ஒரே அச்சு: எழுத்துகளுக்கு ஒரே சாய்வு, பைக்கு ஒரே பக்கம், பென்சிலுக்கு ஒரே கை. வகுப்பாசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். நோட்டுகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று மேலிருந்து வந்த உத்தரவைத்தான் அவர் நிறைவேற்றினார். மகள் இடது கையில் பென்சிலை எடுக்கும்போதெல்லாம் அதை வாங்கி வலது கையில் திணித்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியவே நாளாகிவிட்டது. ஒரு மாலை வீட்டுப்பாடம் எழுதும்போது, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, வலது கையால் ஒவ்வோர் எழுத்தாக அவள் வரைந்துகொண்டிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டேன். "அது தானா வந்துடுதும்மா" என்றாள்.

முதல் தவறு எங்களுடையது. விண்ணப்பத்தின் பொருள் வரியில் "இடது கையால் எழுத விதிவிலக்கு கோருதல்" என்று எழுதிவிட்டோம். விதிவிலக்கு என்ற சொல்லைக் கண்டதும் அலுவலக எழுத்தர் அதை மருத்துவக் காரணங்களுக்கான கோப்பில் சேர்த்து, குறைபாட்டுச் சான்றிதழ் இல்லாமல் மேலே அனுப்ப முடியாது என்று கூறிவிட்டார். நாங்களும் யோசிக்காமல் மகளை அழைத்துக்கொண்டு குழந்தை நல மருத்துவரிடம் போனோம். இல்லாத குறைக்குத் தாம் எப்படிச் சான்றளிப்பது என்று அவர் கேட்டார். நூற்றில் ஏறத்தாழ பத்துப் பேர் இடது கைக்காரர்கள் என்றும், கருவில் இருக்கும் குழந்தை எந்தக் கையின் கட்டைவிரலைச் சூப்புகிறது என்பதிலேயே இந்த நாட்டம் தெரியத் தொடங்குகிறது என்றும் பொறுமையாக விளக்கினார். அதையே பள்ளி அலுவலகத்தில் சொன்னபோது, "குறை இல்லையென்றால் வலது கையால் எழுத என்ன தடை?" என்று எழுத்தர் திருப்பிக் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அதைவிட வலித்தது, திரும்பி வரும் வழியில் மகள் கேட்டதுதான்: "எனக்கு என்ன குறைம்மா?" அவளை அருகில் வைத்துக்கொண்டே இரண்டு இடங்களிலும் அந்தச் சொல்லைப் பேசியிருக்கிறோம். அந்தத் தவறை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள்.

அடுத்த இரண்டு நடையும் காகிதத்திலேயே போயின. மருத்துவர் எழுதித் தந்த கடிதத்தில் முத்திரை இல்லை என்று ஒரு முறையும், தலைமையாசிரியை வெளியூர் போயிருக்கிறார் என்று மறுமுறையும் திருப்பி அனுப்பப்பட்டோம். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போயிருந்தால் இரண்டாவது அலைச்சலைத் தவிர்த்திருக்கலாம்.

இறுதியில் பலித்த கடிதத்தில் 'விதிவிலக்கு', 'அனுமதி', 'சலுகை' ஆகிய எந்தச் சொல்லும் இல்லை. இடது கைப் பழக்கம் இயல்பானது, அதை மாற்ற மருத்துவத் தேவை ஏதும் இல்லை என்று மருத்துவர் எழுதிய இரண்டு வரிகளை இணைத்து, செய்து தர வேண்டியவற்றை மட்டும் கேட்டோம்: பக்கத்துக் குழந்தையின் முழங்கை இடிக்காதபடி பலகையின் இடது ஓரத்தில் இடம், நோட்டைச் சாய்த்து வைத்து எழுதும் உரிமை, கைவேலை வகுப்பில் இடது கைக் கத்தரிக்கோல். கத்தரிக்கோலைச் சிலர் ஆடம்பரமாக நினைக்கலாம். வலது கைக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகிக் காகிதம் மடங்கும். வெட்ட வேண்டிய கோடும் மறைந்துவிடும். குழந்தையைக் கைத்திறன் இல்லாதவள் என்று சொல்லிவிட அது ஒன்று போதும்.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். தாளின் இடது மேல்மூலை உயரும்படி வலப்புறம் சாய்த்து, பென்சிலை முனையிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டை வரிக்குக் கீழே வைத்து எழுதப் பழக்கினோம். சில வாரங்களில் அவளுடைய சுண்டுவிரல் ஓரத்தில் எப்போதும் படிந்திருந்த பென்சில் கரி மறைந்தது. வரிகளும் கலையாமல் நின்றன. 1909-இல் கப்பலில் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும்போது காந்தி 'ஹிந்த் ஸ்வராஜ்' என்ற நூலை எழுதினார் என்றும், வலது கை ஓய்ந்தபோது 40 பக்கங்களை இடது கையால் எழுதினார் என்றும் ஒரு நாள் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அவருக்கு அந்தக் கை வலிச்சப்பதான் இந்தக் கை. எனக்கு எப்பவுமே இந்தக் கை" என்றாள். அவள் குரலில் தயக்கம் துளியும் இல்லை.

ஏழாவது நடையில் தலைமையாசிரியை அவளையே அழைத்துப் பெயரை எழுதச் சொன்னார். அவள் நோட்டைச் சாய்த்து வைத்தாள். அவர் தம்மையறியாமல் கையை நீட்டி அதை நேராக்கினார். அவள் மறுபடியும் சாய்த்து, "மிஸ், இப்படி வச்சாத்தான் கை எழுத்தை அழிக்காது" என்று விளக்கிவிட்டு, நிதானமாக முழுப்பெயரையும் எழுதி முடித்தாள். அவர் அந்த வரியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் கடிதத்தின் ஓரத்திலேயே ஒப்புதல் எழுதிக் கையொப்பமிட்டார். அந்தக் கடிதத்துக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறுவார்.

நானும் புதிய வகுப்பின் முதல் நாள் நகலோடு போயிருந்தேன். நான் வாசலில் காலணியைக் கழற்றுவதற்குள் அவள் உள்ளே சென்று, "நான் இடது கையால எழுதுவேன் மிஸ், எனக்கு இந்த ஓரம் வேணும்" என்று புதிய ஆசிரியையிடம் கேட்டு, அங்கே உட்கார்ந்தும்விட்டாள். நகல் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.