எங்கள் ஊர் வேலை விளம்பரங்களைக் கூகுள் தேடலில் வரவழைத்த அனுபவம்

தமிழக எல்லையை ஒட்டிய, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கணினி மையத்தோடு சேர்த்து நாங்கள் நடத்திவரும் வேலைத்தகவல் தளத்தில், கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையின் பட்டறைகளும், வேலந்தாவளத்துக் காய்கறி மண்டிகளும், சித்தூர் வட்டாரத்துப் பள்ளிகளும் கடைகளும் தரும் ‘ஆள் தேவை’ விளம்பரங்கள் வெளியாகின்றன. வாளையாறைத் தாண்டிக் கோயம்புத்தூரிலிருந்தும், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சியிலிருந்தும் இந்தப் பக்கம் வேலைக்கு வருபவர்கள் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எங்கள் தளத்தின் பெயரை அறிந்தவர்கள் அல்லர்; கைப்பேசியில் கூகுளைத் திறந்து ‘பாலக்காடு வெல்டர் வேலை’ என்று தேடுபவர்கள். அப்படித் தேடும்போது முடிவுகளின் மேல்பகுதியில் வேலைகள் மட்டும் தனிப் பெட்டியாக வந்து நிற்பதையும், அந்தப் பெட்டியில் பெரிய வேலைத் தளங்களின் விளம்பரங்களே இருப்பதையும் பார்த்துவிட்டுத்தான், எங்கள் விளம்பரங்களையும் அங்கே கொண்டுவரும் வேலையில் இறங்கினோம்.

இந்த வசதி இந்தியாவுக்கு வந்தது 2018 ஏப்ரலில். இதற்காகக் கூகுளிடம் நேராகப் போய் விளம்பரம் கொடுக்க முடியாது, கட்டணமும் கிடையாது. வேலைத் தளங்களிலும் நிறுவனங்களின் சொந்தத் தளங்களிலும் உள்ள பக்கங்களை அது படித்து, படித்ததில் தனக்குப் புரிந்தவற்றைப் பெட்டியில் சேர்க்கிறது. அதற்குப் புரியும்படி எழுதுவதற்கான பொது அகராதிதான் ஸ்கீமா டாட் ஆர்க் என்பது. 2011இல் கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், யாகூ ஆகியவை சேர்ந்து தொடங்கிய அந்த அகராதியில் வேலை விளம்பரத்துக்கென்று ‘ஜாப் போஸ்டிங்’ என்னும் வகை இருக்கிறது. வேலையின் பெயர், அதைப் பற்றிய முழு விவரிப்பு, விளம்பரம் வெளியான நாள், வேலை தரும் நிறுவனம், வேலை செய்யும் இடம் ஆகிய ஐந்தையும் கூகுள் கட்டாயமாகக் கேட்கிறது. சம்பளம், கடைசி நாள், முழுநேரமா பகுதிநேரமா என்பது போன்றவை இருந்தால் நல்லது என்ற அளவில் நிற்பவை. இவற்றை ஜேசன்-எல்டி என்ற வடிவத்தில், ரயில் முன்பதிவுப் படிவத்தைக் கட்டம் கட்டமாக நிரப்புவது போல நிரப்பி, பக்கத்தின் கோடுக்குள், அதாவது பக்கத்தை உருவாக்கும் நிரலுக்குள் (code), வைத்துவிட்டால் போதும் என்றுதான் வழிகாட்டிகள் சொல்கின்றன. கோடு எழுதும் வேலை உண்மையில் ஓர் இரவுக்குள் முடிந்துவிடக் கூடியதே. அந்தக் கட்டங்களில் நிரப்ப வேண்டிய விவரங்களை விளம்பரம் தருபவர்களிடமிருந்து வாங்குவதுதான் மாதக்கணக்கில் இழுத்தது.

எங்களுக்கு விளம்பரம் எப்படி வரும் என்பதைச் சொன்னால் இது விளங்கும். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துகளோடு ஒரு போஸ்டர் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். ‘உடனடியாக ஆட்கள் தேவை!!!’ என்று மேலே பெரிதாக இருக்கும். அதன் கீழே வெல்டர், ஃபிட்டர், ஹெல்பர் என்று மூன்று வேலைகள் வரிசையாக நிற்கும். ‘சம்பளம் நேரில்’ என்று ஒரு மூலையிலும், இரண்டு கைப்பேசி எண்கள் இன்னொரு மூலையிலும் இருக்கும். நிறுவனத்தின் பெயர் பல போஸ்டர்களில் இருக்காது. ‘கஞ்சிக்கோட்டில் உள்ள முன்னணி நிறுவனம்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். இத்தகைய போஸ்டரைப் படமாகவே தளத்தில் ஏற்றினால், பார்ப்பவர் கண்ணுக்கு அது விளம்பரம். கூகுளின் வேலைப் பெட்டிக்கோ அது வெறும் படம். ஆகவே ஒரு போஸ்டரில் மூன்று வேலைகள் இருந்தால் அவற்றை மூன்று தனிப் பக்கங்களாக, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரியோடு, எழுத்தில் அடித்து வைத்தோம். எல்லா வேலைகளையும் அடுக்கிக் காட்டும் பட்டியல் பக்கத்தில் இந்தக் கோடை வைக்கக் கூடாது என்பதும், ஒரு வேலைக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில்தான் வைக்க வேண்டும் என்பதும் கூகுளின் தெளிவான விதி.

வேலையின் பெயர் என்ற கட்டம் எளிதாகத் தோன்றினாலும் அங்கேதான் முதலாளிகளோடு முதல் வாக்குவாதம் தொடங்கியது. அந்தக் கட்டத்தில் ‘ஆர்க் வெல்டர்’ என்று வேலையின் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். ஊர், சம்பளம், நிறுவனப் பெயர், ‘உடனடி’ என்ற அவசரம், ஆச்சரியக்குறிகளின் வரிசை ஆகிய எதுவும் அதில் நுழையக் கூடாது. ஆச்சரியக்குறி இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். ஊருக்கும் சம்பளத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன என்றும், தேடுபவர் அவற்றைக் கொண்டுதான் வடிகட்டிப் பார்க்கிறார் என்றும், அவருடைய கைப்பேசியிலேயே தேடிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். கோடுக்குள் எழுதுவது பக்கத்தைத் திறப்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்ற விதியும் இங்கே குறுக்கே வந்தது. எங்கள் பக்கங்கள் தமிழில் இருக்கின்றன. தேடுபவர்களோ தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடுகிறார்கள். ஆங்கிலப் பெயரைக் கோடுக்குள் மட்டும் ஒளித்து வைத்தால் அது விதிமீறல் என்பதால், பக்கத்திலேயே தமிழ் விவரிப்புக்குக் கீழே சுருக்கமான ஆங்கில விவரிப்பையும் எல்லாருக்கும் தெரியும்படி சேர்த்துவிட்டோம்.

இடம் பற்றிய கட்டத்துக்கு எல்லைப்பகுதியில் தனிச் சிக்கல் உண்டு. கஞ்சிக்கோட்டில் ஆலை வைத்திருக்கும் பலருக்கு அலுவலகம் கோயம்புத்தூரில் இருக்கிறது. விளம்பரத்தில் அந்த முகவரியைத்தான் தருவார்கள். ஆனால் தொழிலாளி காலையில் எங்கே போய் நிற்க வேண்டுமோ அந்த இடத்தின் முகவரியைத்தான் அங்கே எழுத வேண்டும். வேலந்தாவளம் மண்டியிலிருந்து திருச்சூருக்கும் எர்ணாகுளத்துக்கும் லோடு ஏற்றிப் போகும் ஓட்டுநருக்கு வேலை செய்யும் இடம் எது என்ற கேள்விக்கும் இதே விதியால் விடை கிடைத்தது. அவர் வண்டி எடுக்கும் மண்டிதான் அந்த இடம். சித்தூர் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டியிருந்தது. பாலக்காட்டுச் சித்தூரும் ஆந்திரத்துச் சித்தூரும் தமிழில் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. ஆங்கிலத்திலும் அவற்றை எழுதுபவர்கள் மாற்றி மாற்றித்தான் எழுதுகிறார்கள். ஊர்ப் பெயரோடு மாவட்டம், மாநிலம், பின்கோடு, நாடு அத்தனையும் கொடுத்தால்தான் ஆந்திரத்துக் குப்பத்திலும் பலமனேரியிலும் இருப்பவர் நம் ஊர் ஜவுளிக்கடை வேலைக்கு அழைக்காமல் இருப்பார்.

சம்பளம் கட்டாயமில்லை என்று முன்பே சொன்னேன். ஆனாலும் என் கணிப்பில், ஒரு விளம்பரத்தை ஆள் திறந்து பார்ப்பதும் பார்க்காமல் கடந்து போவதும் பெரிதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு எங்கள் பகுதி முதலாளிகளுக்கு இருக்கும் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. வெளியில் போட்ட தொகையைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே வேலையில் இருப்பவர் கூடுதல் கேட்பார் என்பது ஒன்று. பக்கத்துப் பட்டறைக்காரர் ஐந்நூறு ரூபாய் சேர்த்துப் போட்டு ஆளை இழுத்துவிடுவார் என்பது இன்னொன்று. இரண்டும் பொய்யான பயங்கள் அல்ல. அதனால் ஒரே தொகையாக இல்லாமல், குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று எல்லை கேட்டோம். பலர் அதற்கு இசைந்தார்கள். ஒரு வெல்டர் வேலைக்கு 16,000 முதல் 19,000 வரை என்று முதலாளி சொன்னால், கோடில் நாணயம் ஐஎன்ஆர் (இந்திய ரூபாயின் குறியீடு), கீழ் எல்லை 16000, மேல் எல்லை 19000, அலகு மாதம் என்று நான்கு விவரங்களாகப் பிரித்து எழுத வேண்டும். எண்ணுக்குள் காற்புள்ளியோ ரூபாய்க் குறியோ வரக் கூடாது. நாள் கூலி என்றால் அலகில் நாள் என்று எழுத வேண்டும். அலகைக் கவனிக்காமல் விட்டால் 700 ரூபாய் நாள் கூலி 700 ரூபாய் மாதச் சம்பளமாகிவிடும். படியும் ஓவர்டைமும் சேர்த்துப் பெரிய தொகையாகக் காட்டச் சொன்னவர்களும் இருந்தார்கள். அடிப்படைச் சம்பளம் என்ற கட்டத்தில் அவை சேராது என்பதால், பிஎஃப், இஎஸ்ஐ, உணவு, தங்குமிடம் இவற்றோடு சேர்த்து அவற்றை விவரிப்பில் எழுதினோம். வாயே திறக்காதவர்களின் விளம்பரத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டோம். அந்த வட்டாரத்தில் வழக்கமாகத் தரும் சம்பளத்தை நாமாக ஊகித்து நிரப்புவதற்கு அனுமதி இல்லை. முதலாளி சொன்ன தொகை மட்டுமே அங்கே வரலாம்.

இவை அனைத்தையும்விட, விளம்பரத்தை முடித்துவைப்பதுதான் கடினமாக இருந்தது. விளம்பரம் வெளியான நாளையும் கடைசி நாளையும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் கோடில் எழுத வேண்டும் என்பது ஒருமுறை பழகினால் போதும். ஆனால் கடைசி நாள் எது என்று கேட்டால் ‘ஆள் கெடைக்கிற வரைக்கும்’ என்பதே எல்லாருடைய பதிலும். முடிவு நாள் இல்லாத விளம்பரத்தில் அந்தக் கட்டத்தை விட்டுவிடலாம் என்று விதியே சொல்கிறது. ஆனால் ஆள் கிடைத்துவிட்டால் உடனே விளம்பரத்தை இறக்கிவிட வேண்டும். முடிந்துபோன வேலைகளைத் திறந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும் தளத்தின் மீது கூகுள் ‘கைமுறை நடவடிக்கை’ (அதன் ஊழியர்கள் நேரில் பார்த்து விதிக்கும் தண்டனை) எடுத்து, அதன் விளம்பரங்களை வேலைப் பெட்டியிலிருந்து விலக்கிவிடலாம். பின்னர் எல்லாவற்றையும் சரிசெய்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஆகவே வாரந்தோறும் ஒவ்வொரு முதலாளியையும் அழைத்துக் கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டோம். “ஆள் வந்தாச்சுங்க. ஆனா விளம்பரம் கெடக்கட்டும், நாளைக்கு ஒருத்தன் நின்னுட்டா வேணுமில்ல” என்பார் மண்டிக்காரர். அவர் பக்கம் அது நியாயம்தான். பெட்டியில் பார்த்துவிட்டு உடுமலையிலிருந்து அழைப்பவருக்கு ‘ஆள் எடுத்தாச்சு’ என்ற பதில் கிடைப்பது அவருக்கு நியாயமாகாது. கடைசியில், முதலாளி நாள் சொல்லாவிட்டால் அவருடைய சம்மதத்தோடு ஒரு மாதம் கழித்து வரும் நாளைக் கடைசி நாளாகப் போட்டு, தேவையானால் நீட்டிப்பது என்று முடிவு செய்தோம். ஆள் கிடைத்த அன்றே பக்கத்தை எடுத்துவிடுகிறோம். அந்த முகவரிக்குப் போனால் பக்கம் இல்லை என்ற 410 பதில் வரும்படி சர்வரில் அமைத்திருக்கிறோம்.

மற்ற தொழில்நுட்ப வேலைகள் அவ்வளவு தொல்லை தரவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் கொடுத்துப் பார்த்தோம். அது பிழை என்று சொல்வதைத் திருத்தாமல் பக்கம் பெட்டியில் வராது, எச்சரிக்கை என்று மட்டும் சொல்வதை விவரம் கிடைக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று அதை நடத்துபவர்களுக்குக் கூகுள் காட்டும் சர்ச் கன்சோல் என்ற சேவையில் தளத்தைப் பதிவு செய்து, பக்கங்களின் முகவரிகளை சைட்மேப் என்ற பட்டியல் கோப்பில் கொடுத்தோம். வேலைப் பக்கங்களுக்கென்று கூகுள் வைத்திருக்கும் இண்டெக்சிங் ஏபிஐ என்ற தானியங்கித் தகவல் இணைப்பையும் சேர்த்தோம். புதிய பக்கம் வந்தாலும், பழைய பக்கம் போனாலும் அதன் மூலம் உடனே தெரிவித்துவிடலாம். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 200 அறிவிப்புகள் வரை அனுமதிக்கிறார்கள், எங்கள் அளவுக்கு அது தாராளம். கைப்பேசி எண்ணைப் பார்க்க உறுப்பினராகப் பதிவு செய்ய வேண்டும் என்று வைத்தால் தளத்துக்கு ஆள் சேரும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். விவரங்களைப் பூட்டி வைத்த பக்கத்தைக் கூகுளாலும் படிக்க முடியாது, விண்ணப்பிக்க வழியில்லாத விளம்பரம் பெட்டிக்கும் தகுதியாகாது என்பதால் அதை ஏற்கவில்லை.

விண்ணப்பிப்பவரிடம் பணம் கேட்கும் விளம்பரங்களுக்கும் அங்கே இடமில்லை. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முன்பணம் மட்டும் கட்டினால் போதும் என்று வந்தவர்களை இந்த விதியைக் காட்டியே திருப்பி அனுப்ப முடிந்தது. வளைகுடா வேலைகளுக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி வந்த ஒரு முகவரிடம், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படியான பதிவுச் சான்றிதழைக் கேட்டோம். கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. கூகுளில் வருகிறது என்றால் அது உண்மையான வேலை என்று நம்புபவர்கள் எங்கள் ஊரில் நிறைய இருப்பதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் வியாபாரம் பார்ப்பதில்லை.

கோடு சரியாக இருந்தால் விளம்பரம் கட்டாயம் பெட்டியில் வரும் என்று கூகுள் உறுதி எதுவும் தருவதில்லை. எங்கள் பக்கங்களும் ஒரே சமயத்தில் வரவில்லை. முழு முகவரியும் சம்பள எல்லையும் இருந்தவை முதலில் தென்பட்டன. ஒரே வேலை வேறு தளத்திலும் இருந்தால், ஒரே அட்டையில் இரு தளங்களின் பெயர்களும் விண்ணப்பிக்கும் பொத்தான்களாக நின்றன. சர்ச் கன்சோலின் அறிக்கையில் வேலைப் பட்டியலாகத் தெரிந்தது, விவரமாகத் திறக்கப்பட்டது என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவதால், எந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் திறக்காமல் போகிறார்கள் என்பது தெரிகிறது. சம்பளம் சொல்லாத முதலாளிகளிடம் இப்போது அந்த அறிக்கையைத்தான் காட்டுகிறேன். என் பேச்சைவிட அது நன்றாக எடுபடுகிறது.

தென்னந்தோப்பு வேலைகளை மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரவில்லை. தேங்காய் வெட்டுக்கும் மட்டை உரிப்புக்கும் இன்றிரவு பேசி நாளைக் காலையில் ஆள் போய் நிற்க வேண்டும். கூகுள் பக்கத்தைப் படித்துப் பெட்டியில் காட்டுவதற்குள் அந்த வேலையே முடிந்திருக்கும். அவை இப்போதும் வாட்ஸ்அப் குழுவில்தான் போகின்றன, அங்கேயே போகட்டும் என்று விட்டிருக்கிறோம்.