ஏறிப் பார்த்தவர் சொன்னது

ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பேச முடியாது, கத்தத்தான் வேண்டும். மலையைத் தாண்ட வழி தேடும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிக்குள் முண்டியடித்துக்கொண்டு வரும். முப்பந்தலைச் சுற்றிக் காற்றாலைகள் இவ்வளவு நெருக்கமாக நிற்பது அதனால்தான். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை எங்களுக்குச் சீசன். அப்போது ஒரு மெஷின் நின்றால், முகூர்த்த மாதத்தில் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடப்பது மாதிரி. (காற்றாலையை நாங்கள் யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை. மெஷின்தான்.)

முதல் சில வருடங்கள் டவர் ஏறினேன். அப்புறம் அலுவலகத்தில் உட்கார்ந்து அதிர்வைக் கவனிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். இறக்கை நிமிடத்துக்குப் பதினைந்து இருபது சுற்றுதான் சுற்றும், ஜெனரேட்டருக்கோ 1500 சுற்றுப் பக்கம் வேண்டும். நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ்தான் அதை ஏற்றிக் கொடுக்கிறது. அதற்குள் ஒரு பேரிங்கில் சின்னதாகக் குழி விழுந்தாலும், உருளை அதன்மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு தட்டு. கட்டைவிரல் அளவு சென்சார் அந்தத் தட்டைக் கேட்டுவிடும். தட்டுகளின் இடைவெளியைக் கணக்குப் போட்டால் எந்தப் பேரிங், உள்வளையமா வெளிவளையமா என்பதுவரை சொல்லலாம், பல சமயம் உடைவதற்குச் சில மாதங்கள் முன்பே.

அந்தச் சில மாதங்கள்தான் முக்கியம். பெரிய மெஷினின் கியர்பாக்ஸ் பத்து டன்னுக்கு மேல் இருக்கும். இறக்கப் பெரிய கிரேன் வேண்டும், சீசன் காற்றில் கிரேன் கை வைக்காது. பங்குனியில் தெரிந்தால் மாற்றிவிடலாம். ஆனியில் உடைந்தால் ஐப்பசி வரை மெஷின் சும்மா நிற்கும்.

சென்சார் புதிதல்ல. மனிதர் பார்க்காமலே நூற்றுக்கணக்கான மெஷின்களின் அதிர்வைப் படித்து, 'இதைப் போய்ப் பாருங்கள்' என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவுப் புரோகிராம்தான் புதிது. அதை எங்கள் சைட்டுக்குப் பழக்கும் பொறுப்பு எனக்கு. சென்சார் மாட்டி முடித்தது ஐப்பசியில், சீசனுக்கு முன் ஓட வேண்டும் என்று மேலிடத்து அவசரம். கார்த்திகை முதல் மாசி வரை கிடைத்த தரவை ஊட்டினேன். கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டினோம், கைதட்டினார்கள்.

ஆனியில் காற்று வந்தது. முதல் வாரத்திலேயே இருபத்துமூன்று மஞ்சள் எச்சரிக்கை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். இது முதலாண்டுப் பாடம், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பிறந்ததிலிருந்து மார்கழியை மட்டுமே பார்த்த பிள்ளையை ஆடி மாதம் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறோம் என்பது உறைக்கவில்லை. அதற்கு எல்லா மெஷினுமே நோயாளியாகத் தெரிந்தது.

எனக்கு ஒரு மஞ்சள் புள்ளி, டெக்னீஷியனுக்கு 80 மீட்டர் ஏணி. காற்று சற்றுத் தணியும் விடியற்காலையில் மெஷினை நிறுத்தி, ஹார்னஸ் மாட்டி, உள் ஏணியில் ஏறி, எண்ணெய்ப் பிசுக்கில் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று இறங்கி வர வேண்டும்.

நான்காவது நாள் அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வருடமாக டவர் ஏறுகிறவர், மூட்டில் எப்போதும் தைலம் மணக்கும். சைட்டில் என்னை சார் என்பார், அன்றைக்குத் தம்பி என்றார்.

"தம்பி, இந்த மஞ்ச லைட்டு எந்த நம்பருக்கு மேல போனா எரியும்?"

சொன்னேன்.

"அந்த நம்பரை யாரு வச்சது?"

"நான்தான் அண்ணாச்சி."

"எதை வச்சு வச்சீங்க?"

பதில் இல்லை. பாடப்புத்தகத்தில் சராசரியிலிருந்து மூன்று மடங்கு விலக்கம் என்று இருந்தது, அதையே வைத்தேன். அந்த மூன்று எத்தனை பேரின் முழங்கால் என்று யோசிக்கவில்லை.

எல்லையை உயர்த்தினேன். எச்சரிக்கை நின்றது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆடி நடுவில் வழக்கமான சர்வீஸுக்கு ஏறியவர்கள் ஒரு மெஷினின் ஆயில் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே மினுமினுப்பு. இரும்புத்துகள். தரவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மூன்று வாரமாக அந்தப் பேரிங் தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, நான் உயர்த்திய கோட்டுக்குச் சற்றுக் கீழே. மெஷின் ஐப்பசி வரை நின்றது. என்னை யாரும் திட்டவில்லை. கோடு ஒன்று இருந்ததும் அதை நான் நகர்த்தியதும் மேலே யாருக்கும் தெரியாது. திட்டியிருந்தால் தேவலை.

அண்ணாச்சி சந்தேகமாக ஒரு சத்தம் கேட்டால் முதலில் பக்கத்து மெஷினடியில் போய் நின்று கேட்பார். அதுவும் அப்படித்தான் கத்துகிறதென்றால் காற்றின் வேலை, இது மட்டும் கத்தினால் மெஷினின் வேலை. அடுத்த சீசனுக்குள் அதையே புரோகிராமில் எழுதினேன். ஒவ்வொரு மெஷினையும் அதே நேரம், அதே அளவு மின்சாரம் தரும், அதே வரிசையில் நிற்கும் மற்ற மெஷின்களோடு ஒப்பிடு. நேற்றைய தன்னோடு மட்டும் ஒப்பிடாதே. வீண் ஏற்றம் வெகுவாகக் குறைந்தது.

செயற்கை நுண்ணறிவு எங்கள் தொழிலையே மாற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்மண்டல கிரிட், அதாவது மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பி வலை, மற்ற மண்டலங்களோடு இணைந்தது. நல்ல காற்றில், கிரிட் தாங்காது என்று நிறுத்தச் சொன்ன நாட்களை நினைத்தால், ஒரு கம்பி செய்ததைப் பத்து புரோகிராம் செய்யாது என்றுதான் தோன்றுகிறது. அதற்கப்புறமும் நிறுத்தச் சொல்வது ஒரேயடியாக ஓயவில்லை, அது வேறு கதை.

எச்சரிக்கைத் திரையில் நான் சேர்த்த இன்னொன்று ஒரு வெறும் கட்டம். தலைப்பு: 'ஏறிப் பார்த்தவர் சொன்னது'. ஒன்றுமில்லை என்றாலும் எழுத வேண்டும், தமிழில் எழுதலாம். அந்த 'ஒன்றுமில்லை'தான் புரோகிராமுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம். அது இல்லாமல் எது வீண் ஏற்றம் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் யாரும் எழுதவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. "ஒன்னுமில்ல. காத்துதான்." "சென்சார் போல்ட் லூஸ், டைட் பண்ணியாச்சு." "குருவிக்கூடு, எடுத்துட்டோம்."

போன வாரம் பதினேழாம் நம்பர் மெஷினுக்கு மஞ்சள் விழுந்தது. சாயங்காலம் திறந்து பார்த்தேன். "பின்பக்க பேரிங் சூடா இருக்கு. பக்கத்து மெஷின்ல இல்ல. நாளைக்கு மறுபடி ஏறுறோம்."