அம்மாவுக்குப் பிடிச்ச ஆவர்த்தனா ரெஸ்டாரன்ட் ரசம்

சென்னையில ஸ்டார் ஹோட்டலுக்குப் போனா வீட்ல கிடைக்காததைத்தான் சாப்பிடணும்னு ரொம்ப வருஷமா ஒரு நெனப்பு இருக்கு. தாய், சைனீஸ், இத்தாலியன், இல்லன்னா தந்தூரி. "நம்ம சாப்பாட்டுக்குப் போய் இவ்ளோ காசு குடுப்பாங்களா, அதான் வீட்லயே கிடைக்குதே"ன்னு சொல்ற பேச்சு எனக்கு சுத்தமா ஆகாது. நம்ம சமையலுக்கு அந்த மேஜையில இடம் இல்லைன்னு நாமளே முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்கும் அது.

இந்த நெனப்பை மாத்தினதுல பெரிய பங்கு தக்ஷின்ங்கிற ரெஸ்டாரன்டுக்கு உண்டு. 1989ல டிடிகே ரோடு பார்க் ஷெரட்டன் ஹோட்டல்ல ஆரம்பிச்சது, தமிழ்நாடு ஆந்திரா கர்நாடகா கேரளான்னு நாலு ஊர் சமையலும் ஒரே இடத்துல, வெள்ளித் தட்டுல வாழை இலை போட்டுப் பரிமாறுவாங்க. அங்க செஃப்பா இருந்த பிரவீன் ஆனந்த் வீடு வீடா ஊர் ஊரா தேடிப் போய் பழைய சமையல் முறைகளைச் சேர்த்தவர். அந்த ஹோட்டல் அப்புறம் கிரவுன் பிளாசான்னு பேர் மாறி 2023 கடைசியில மூடிட்டாங்க, எனக்கு இன்னும் அது ஆறல.

சரி, இப்ப சொல்ல வந்தது கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டல்ல இருக்குற ஆவர்த்தனா பத்தி. ஹோட்டல் 2012ல திறந்தாங்க, இந்த ரெஸ்டாரன்ட் 2017ல. 2025ல ஆசியாவோட சிறந்த 50 உணவகங்கள் பட்டியல்ல 30வது இடம் வாங்கிச்சு, அதுவும் முழுக்க நம்ம தென்னிந்திய ருசியை வச்சே. இங்க தனித்தனியா ஆர்டர் பண்ற கதை கிடையாது, 7 அயிட்டத்துல இருந்து 13 வரைக்கும் ஒண்ணொண்ணா வரிசையா வரும், சைவம் அசைவம் ரெண்டும் உண்டு.

அம்மா அப்பாவோட கல்யாண நாளுக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்மா சுத்த சைவம், எங்க சாப்பிட்டாலும் முதல்ல ரசத்தைத்தான் பார்ப்பாங்க. அங்க ரசம் எப்படி வரும்னா, ஃபில்டர் பண்ணி காபி போடுற கண்ணாடி ஜாடி இருக்குல்ல, ஃபிரெஞ்ச் பிரஸ், அதுல வாசனை சாமான் எல்லாம் போட்டு நம்ம கண்ணு முன்னாடியே அழுத்தி, காக்டெயில் குடிக்கிற மார்ட்டினி கிளாஸ்ல ஊத்துவாங்க, பருப்பு இல்ல வண்டல் இல்ல, பளிங்கு மாதிரி தக்காளி ரசம். அப்பா என்னையும் கிளாஸையும் மாத்தி மாத்திப் பார்த்தார். அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "கொதிக்க விடலடா இவங்க, நுரை கட்டினதும் இறக்கியிருக்காங்க"ன்னாங்க.

எனக்கு அந்த சாப்பாட்டோட மதிப்பே அந்த இடத்துலதான் புரிஞ்சுது. நம்ம வீட்லயும் காய்ச்சல்காரங்களுக்கு அடியைக் கலக்காம மேல தெளிஞ்சதை மட்டும்தானே ஊத்துவோம், மிளகு சீரகம் கொத்தமல்லி வாசம் எல்லாம் அந்தத் தெளிவுலதான் நிக்கும், கொதிச்சா ஆவியோட போயிடும். அதே அறிவைத்தான் அவங்க எடுத்து, வேற எதுவும் பக்கத்துல இல்லாம தனியா வச்சுக் குடுக்குறாங்க. வீட்ல சாதம், பொரியல், அப்பளம், டிவின்னு எல்லாத்துக்கும் நடுவுல ரசத்தை நாம கவனிக்கிறதே இல்ல. அம்மா தினமும் வைக்கிற ரசத்துல இவ்ளோ வேலை இருக்குன்னு அப்பாவே அன்னிக்குத்தான் வாய்விட்டு சொன்னார், அம்மா முகத்தைப் பார்க்கணுமே.

கடைசியில முட்டை மாதிரி ஒண்ணு கூடு மேல உக்காந்து வந்துச்சு. அம்மா பதறிட்டாங்க, "தம்பி நான் முட்டை சாப்பிட மாட்டேன்பா". பரிமாறின பையன் பக்கத்துல குனிஞ்சு, "இது முட்டை இல்லம்மா, சோம்பு வாசனை போட்ட பன்னா கோட்டா, கிரீம்ல செய்ற ஒரு இத்தாலியன் ஸ்வீட், சும்மா அந்த ஷேப்"னு பொறுமையா தமிழ்ல சொன்னான். நல்ல இடம்னா எனக்கு முதல்ல இதுதான், இங்கிலீஷ் தெரியாத பெரியவங்க அங்க கூசிப்போய் உக்காரக் கூடாது.

பில் விஷயமும் சொல்லிடறேன். ஆளுக்கு ஆயிரக்கணக்குல ஆகும், வருஷத்துக்கு ஒரு தடவைக்கே யோசிக்கணும். ரூம் வாடகை 7500 ரூபாய்க்கு மேல வாங்குற ஹோட்டலுக்குள்ள இருக்குற ரெஸ்டாரன்ட்னா ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளிய இருக்குற சாதாரண ரெஸ்டாரன்ட்ல 5 தான், அதனால மெனுல போட்ட விலையை மட்டும் பார்த்துட்டுக் கிளம்பாதீங்க. இன்னொண்ணு சர்வீஸ் சார்ஜ். அதைத் தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு 2022லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னு சொல்லிடுச்சு. வேற ஒரு இடத்துல கேக்காமலே சேர்த்திருந்தாங்க, எடுக்கச் சொன்னேன், எடுத்துட்டாங்க, நான் பரிமாறினவர் கையிலயே டிப்ஸ் குடுத்துட்டு வந்தேன். கூச்சப்படாம கேளுங்க, நம்ம காசு.

போறவங்க முன்னாடியே புக் பண்ணிடுங்க, வெங்காயம் பூண்டு ஆகாது, கடலை ஒத்துக்காதுன்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க. முடிஞ்சா வீட்ல நல்லா ரசம் வைக்கிற ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டே சாப்பிடலாம்.