இடுப்பளவு கம்பி

லண்டனின் டாட்டன்ஹாம் கால்பந்து மைதானம், தெற்கு ஸ்டாண்ட். கோல் விழுந்ததும் பின்வரிசை மொத்தமும் என் மேல் சாயும் என்று நினைத்தேன்.

சாயவில்லை.

வரிசைக்கு வரிசை நடுவே இடுப்பளவு இரும்புக் கம்பி. பக்கத்தில் நின்ற பெரியவர் ஆட்டம் முழுக்க அதை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தார்.

1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோனது. அப்புறம்தான் இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் எல்லோரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்றானது. ரசிகர்கள் கேட்கவில்லை, நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். தடுமாறினால் முன்வரிசைக்காரர் தலைமேல் விழ வேண்டியதுதான். 2022இல் இந்தக் கம்பியோடு நிற்க அனுமதி வந்தது.

சரி, நிற்கட்டும். ஆனால் ஒரு டிக்கெட்டுக்கு ஓர் இடம் என்ற கணக்கு மட்டும் தளரவே கூடாது. ஹில்ஸ்பரோவில் அன்று ஏற்கெனவே நிரம்பிவிட்ட கம்பிக் கூண்டுக்குள் மேலும் மேலும் ஆட்களை விட்டார்கள்.

கடைசி விசில் ஊதியதும் பெரியவர் கையை எடுத்தார். மடங்கியிருந்த நாற்காலியை இறக்கி, மெல்ல உட்கார்ந்தார்.