ஒரு நூல் குறைந்தது

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் சாம்பிள் பிரிவில் நான் சேர்ந்தபோது, ரவிக்கை தைக்கத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. மிஷின் முன்னால் உட்கார எனக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாவது மாதமே நான் தைத்த க்வில்ட் சாம்பிளை, அதாவது துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வையின் மாதிரியை, வாங்கும் பையர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பார்வைக்கு எளிய டிசைன். இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பது; நீலம் ஐந்து, வெள்ளை நான்கு. மாற்றி மாற்றி இணைத்தால் ஒரு பிளாக். அதை அடுத்து ஒட்டே இல்லாத ஒரு முழு வெள்ளைச் சதுரம், பிறகு மறுபடியும் ஒன்பது கட்டம். இப்படியே அடுக்கினால் நீலக் கட்டங்கள் மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டு போர்வை முழுக்கக் குறுக்கே சங்கிலியாக ஓடும். ஐரிஷ் செயின் என்று பெயர். ஒட்டுப் பிளாக் ஆறரை அங்குலம் வர வேண்டும். வெள்ளைச் சதுரத்தை ஆறரைக்கே வெட்டியிருந்தோம். என் பிளாக்குகளோ ஆறு அங்குலம் மூன்று நூல்தான் இருந்தன.

நூல் என்பது எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆசாரிகள் சொல்வதும் அதே நூல்தான். ஆறரை என்றால் ஆறு அங்குலம் நான்கு நூல். ஆக, குறைந்தது ஒரே ஒரு நூல். ஆனால் சரியளவுள்ள வெள்ளைச் சதுரத்தை, ஒரு நூல் குறைந்த பிளாக்கோடு இழுத்துப் பொருத்தித் தைத்திருந்தேன். வெள்ளை எல்லாம் அலை அலையாக எழும்பியிருந்தது. தொட்டுக்கொள்ள வேண்டிய நீல மூலைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு தள்ளித் தள்ளி நின்றன.

மாஸ்டர் திட்டவில்லை. பிளாக்கைத் திருப்பிப் போட்டு, தையலைக் கணக்குப் பார்க்கச் சொன்னார். குறுக்கே இரண்டு தையல். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணி உள்ளே போகிறது. ஆக நான்கு இடம். ஒரு நூலை நான்காகப் பிரித்தால், ஒவ்வொரு இடத்திலும் நான் கால் நூல் கூடுதலாகப் பிடித்திருக்கிறேன்.

“கண்ணு, ரவிக்கைக்குள் ஓர் உடம்பு இருக்கிறது. கால் நூல் முன்னே பின்னே போனால் அது ஏற்றுக்கொள்ளும். இந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்தானே இருக்கிறது?” என்றார்.

அதுவரை என் தொழிலில் தாராளம்தான் நேர்மை. ரவிக்கையின் பக்கத் தையலில் ஓர் அங்குலம் துணியை உள்ளே விட்டு வைப்பேன். பிள்ளை பெற்று உடம்பு போட்டு வருகிறவர்களுக்குப் பிரித்து விட்டுக்கொடுக்க அது உதவும். க்வில்ட்டில் உள்ளே விடுவது இரண்டு நூல், அதாவது கால் அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதை மூளை ஒரே நாளில் ஒப்புக்கொண்டது. கைக்குத்தான் நாளானது.

சாம்பிள் பிரிவின் மூலையில், நூல்கண்டு அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஒரு கால் மிஷின் நின்றது. கறுப்பு சிங்கர், 15கே வகை. முதலாளியின் தகப்பனார் காலத்தது. அடித்தட்டின் வலப்பக்கம் பொறித்த எண் ‘ஈஜே’ என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். 1950களில் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலையை 1980இல் மூடிவிட்டார்கள். மாஸ்டர் பெட்டிகளை இறக்கிவிட்டு, “இதைச் சுத்தம் செய்து இதில் தைத்துப் பார்” என்றார்.

சக்கரம் அரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை. பழைய எண்ணெய் பழுப்பாக இறுகிப் பிசினாகியிருந்தது. எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு ஊறவைத்து, காலையில் ஓட்டித் துடைத்தேன். துணியில் கறுப்பு வருவது நின்ற பிறகுதான் மிஷின் எண்ணெய் விட்டேன். ஊசித் தட்டைக் கழற்றினால், துணியை நகர்த்தும் பல் வரிசைகளுக்கு நடுவே பஞ்சுத் தூசி அட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. ஊசியால் கிளறியபோது ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தது. எத்தனையோ பேர் தைத்த துணிகளின் நிறங்கள் அதில் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன். அது போன பிறகுதான் பல் முழு உயரத்துக்கு எழும்பித் துணியை நேராகப் பிடித்தது.

ஊசிக்கு வலப்புறம், அடித்தட்டில் திருகு மரையோடு இரண்டு சின்னத் துளைகள் உண்டு. பழைய மிஷின் வைத்திருக்கும் பலர் அவற்றைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். கைடு என்கிற இரும்புத் துண்டைத் திருகிப் பொருத்துவதற்கான துளைகள் அவை. துணியின் ஓரம் அந்த இரும்பை உரசிக்கொண்டே போனால், ஊசிக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரம் மாறவே மாறாது. என் கண், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் விளிம்பையே அளவாக நம்பிப் பழகியிருந்தது. அந்த விளிம்பு கால் அங்குலம் இல்லை என்பது ஸ்கேல் வைத்த பிறகுதான் தெரிந்தது.

கைடை எங்கே நிறுத்துவது? ஸ்கேலில் இரண்டு நூல் அளந்து நிறுத்தினால் தவறிவிடும். மாஸ்டர் சொன்ன வழி இது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்து, அழுத்தி அளக்க வேண்டும். மொத்தம் மூன்றரை அங்குலமும், நடுப் பட்டை மட்டும் சரியாக ஓர் அங்குலமும் இருக்க வேண்டும். கால் அங்குலத்தில் அப்பழுக்கில்லாமல் தைத்த என் பட்டைகள் மூன்றரைக்குக் கொஞ்சம் குறைந்தன. தையலைத் திருப்பி மடிக்கும்போது அந்த மடிப்பின் முதுகு ஓர் இழையளவு துணியைத் தின்றுவிடுகிறது. தையல் நூல் தடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் தின்னும். நூலை மெல்லிய 50ஆம் நம்பர் பருத்திக்கு மாற்றினேன். கைடைத் தளர்த்தி ஊசிப் பக்கம் இழையளவு நகர்த்தினேன். அன்று முழுவதும் பட்டைகளையே தைத்தேன். ஏழாவது முறை நடுப் பட்டை ஸ்கேலின் இரண்டு கோடுகளுக்கு நடுவே, கோடு தெரியாமலும் இடைவெளி விடாமலும் உட்கார்ந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

வெட்டுவதிலும் பாதி வேலை இருக்கிறது. நெசவு ஊர்க்காரர்களுக்கு நீளவாட்டு இழையான பாவு பற்றியும் குறுக்கிழையான ஊடை பற்றியும் சொல்ல வேண்டியதில்லை. பாவு வழி துணி இழுபடாது, ஊடை வழி கொஞ்சம் நெகிழும், கிராஸில், அதாவது மூலைவாட்டில், இழுத்தால் ரப்பர்தான். எனவே துணியை நனைத்துச் சுருங்கவிட்டு, மெல்லிய கஞ்சி போட்டு விறைப்பாக்கி, கரைக்கு நேராக வெட்டினேன். சதுரத்தைவிட முக்கோணத் துண்டுகளுக்கு இந்தக் கஞ்சி இன்னும் அவசியம். முக்கோணத்தின் நீளப் பக்கம் கிராஸில் விழுவதால், கை பட்டாலே வளர்ந்துவிடும்.

அடுத்து நான் மறக்க வேண்டியிருந்தது ஒரு சொல்லை. இஸ்திரி என்றால் நம் வாயில் ‘தேய்த்துக் கொடு’ என்றுதான் வரும். இங்கே தேய்க்கவே கூடாது. தேய்த்தால் துணி பெட்டியோடு நகர்ந்து, சதுரம் சதுரமாக இருக்காது. பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். மடிப்பை எப்போதும் நீலப் பக்கம் சாய்ப்போம், வெள்ளைக்குள் நீலம் நிழலாடக் கூடாது என்பதற்காக. இதில் இன்னொரு லாபமும் உண்டு. முதல் வரிசை நீலம், வெள்ளை, நீலம். அதன் மடிப்புகள் வெளிப்பக்கம் சாய்கின்றன. இரண்டாம் வரிசை வெள்ளை, நீலம், வெள்ளை. அதன் மடிப்புகள் உள்பக்கம் சாய்கின்றன. இரண்டு வரிசைகளையும் முகத்தோடு முகம் வைத்தால், ஒரு மடிப்பின் மேடு இன்னொரு மடிப்பின் பள்ளத்தில் போய்த் தாழ்ப்பாள் விழுந்த மாதிரி நிற்கும். கட்டைவிரலால் தடவினால் அந்த இடம் தெரியும். மேடு தட்டினால் இன்னும் சேரவில்லை. வழுவழுப்பாக இருந்தால் சேர்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டும் இதைச் செய்யலாம். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த நொடி அதுதான்.

அந்த இடம் ஊசிக்கு வரும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவேன். வலக்கையால் சக்கரத்தைப் பிடித்து ஒரு தையல், இன்னொரு தையல், மூன்றாவது. ஊசி மடிப்புக்குள் இறங்கும்போது ‘தக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அதைத் தாண்டிய பிறகுதான் கால் மறுபடி பெடலுக்குப் போகும். எங்கள் தைப்பு ஹாலில் இருந்த கரண்ட் மிஷின்கள் நிமிடத்துக்கு 5000 தையல் வரை ஓடக்கூடியவை. கால் பட்டாலே பாயும். பழகிய கைகள் அவற்றிலும் துல்லியமாகத் தைக்கும். ஆர்டர் முழுவதையும் அவற்றில்தான் ஓட்டினோம். ஆனால் எந்த அளவில் ஓட்ட வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு, நான் நின்றால் தானும் நிற்கிற மிஷின் எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் ஜிக்ஜாக் மிஷின் வைத்திருப்பவர்கள் அதன் ஊசித் தட்டைப் பாருங்கள். ஊசி இடமும் வலமும் ஆடுவதற்காகத் துளை நீளமாக இருக்கும். முக்கோணத்தின் கூர் முனை அந்தப் பள்ளத்துக்குள் இழுபட்டுக் கசங்கும். நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய மிஷினில் ஊசிக்கு மட்டும் இடம் விட்ட ஒரு சின்ன வட்டத் துளைதான். அமெரிக்காவில் க்வில்ட் தைப்பவர்கள் 1933இல் வெளிவந்த சிங்கர் 221ஐ இன்றும் தேடி வாங்குவதற்கு இந்த நேர்த்தையலும் ஒரு காரணம். ஐந்து கிலோதான் எடை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஒரு முறை தைத்துப் பார்க்க ஆசை உண்டு.

இரண்டாவது சாம்பிளுக்கு ஒன்பது நாள் ஆனது. இந்த முறை அது திரும்பி வரவில்லை, ஆர்டர் வந்தது. முதல் சாம்பிளிலிருந்து ஒரு பிளாக்கை மட்டும் தையல் பிரித்து எடுத்து என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். நான்கு வருடம் சுடிதார் தைத்தவள், கை வேகமானது. டிராயரிலிருந்து அந்தப் பிளாக்கை எடுத்துக் கொடுத்து, அளக்கச் சொன்னேன். “ஆறு அங்குலம் மூன்று நூல் அக்கா, நன்றாகத்தானே இருக்கிறது?” என்றாள். பக்கத்தில் வெள்ளைச் சதுரத்தை வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மிஷினில் உட்காரவைத்து, ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றைக் கொடுத்தேன். நடுப் பட்டை ஓர் அங்குலத்துக்கு மயிரிழை குறைவாக வந்தது. அவள் கை என் கையைவிடக் கொஞ்சம் அழுத்தமாகத் துணியைக் கைடின் மேல் சாய்க்கிறது. திருகைத் தளர்த்தி, கைடை ஊசிப் பக்கம் துளி நகர்த்தி, மறுபடி இறுக்கினேன். அவளே எழுந்து போய் இன்னும் மூன்று பட்டைகள் வெட்டிக்கொண்டு வந்தாள்.